மெத்தை அக்கா தைத்த ஹெல்மெட்டுகள்

மெத்தை அக்கா என்றால் அந்தக் கடைத்தெருவில் தெரியாத ஆள் கிடையாது. கிழிந்த பைக் சீட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டால் போதும். பழைய உறையை உரிப்பாள். நைந்துபோன ஸ்பான்ஞ்சைப் பிய்த்து எறிவாள். புதிய ஸ்பான்ஞ்சைப் பிளேடால் சீவி வடிவத்துக்குக் கொண்டுவந்து, மேலே ரெக்சினை இழுத்துப் போர்த்தித் தைப்பாள். கடைசியில் கட்டை விரலால் ஓர் அழுத்து. விரல் மெதுவாக உள்ளே போய் மெதுவாக மேலே வந்தால் வேலை சுத்தம். "அக்கா கை பட்ட சீட்டுல உக்காந்தா வீட்டுக்குப் போகவே மனசு வராது" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள்.

கைதான் அப்படி. மனசு எந்நேரமும் முள்மேல்தான் இருக்கும். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் கருவிப் பையைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். அவன் கிளம்பிய நிமிடமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் வண்டி வாசலில் வந்து நின்றால்தான் அடங்கும்.

அவனிடம் அவள் இரண்டே விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். ஓட்டும்போது ஃபோனைத் தொடக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டக் கூடாது. முதலாவதை அவன் அப்படியே கேட்டான். இரண்டாவதில்தான் வம்பு. அவனுக்குத் தலை கொஞ்சம் பெரிது. கம்பெனி கொடுத்த ஹெல்மெட் நெற்றியைக் கவ்விப் பிடித்தது. தெருமுனை வரை போட்டுக்கொண்டு போவான். திரும்பியதும் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொள்வான். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வந்து சொல்லிவிட்டார்கள்.

"முழங்கைக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கறீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றாள் அவள்.

"அடியே, அதைப் போட்டா லிஃப்ட் கதவுல தலைய விட்ட மாதிரி நசுக்குதுடி. மத்தியானத்துக்குள்ள மண்டை வெடிச்சிடும்."

"பெரிய சைஸா ஒண்ணு வாங்குங்க."

"கம்பெனி குடுத்தது குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொண்ணு எதுக்கு?"

மறுநாள் ஹெல்மெட்டைக் கடைக்கு எடுத்துப் போய் உள்துணியைப் பிரித்தாள். அடியில் கனமான வெள்ளைத் தெர்மாகோல், கல் மாதிரி கெட்டியாக இருந்தது. இது நசுக்காமல் வேறென்ன செய்யும் என்று நினைத்தாள். பிளேடை எடுத்துச் சுற்றிலும் குடைந்து எடுத்தாள். அந்த இடத்தில் சீட்டுக்கு வைக்கும் நல்ல ஸ்பான்ஞ்சை ஒட்டி, துணியை மேலே இழுத்துத் தைத்தாள். விரலால் அழுத்தினாள். மெதுவாகப் போய் மெதுவாக வந்தது.

அவன் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "தலகாணிடி இது! இனிமே தூங்கும்போதுகூட கழட்ட மாட்டேன்."

உண்மையாகவே கழற்றவில்லை. போகிற இடமெல்லாம் பெருமை வேறு அடித்தான். டீக்கடைக்காரர் வந்தார். எதிர்வீட்டு நர்ஸம்மா வந்தார். மருந்துக்கடைக்காரர் தன்னுடையதையும் மகனுடையதையும் சேர்த்தே கொண்டுவந்தார். சீட்டு வேலைக்கு நடுவே ஹெல்மெட் வேலையும் நடந்தது. ஹெல்மெட்டைத் தொடாமல் கிடந்தவர்கள்கூட அவளால் போட ஆரம்பித்தார்கள். நாலு பேருக்கு நல்லது செய்தோம் என்று அவளுக்கே ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைக் குலைக்க ரொட்டிக்காரர் வந்தார். பைக்கில் பெட்டி கட்டிக் கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். அன்று நடந்து வந்தார். இடது கையில் கட்டு, கன்னத்தில் சிராய்ப்பு, கையிடுக்கில் ஹெல்மெட்.

"என்னண்ணே இது கோலம்?"

"மண்ணுல சறுக்கிட்டேம்மா. ரொட்டி மொத்தமும் நாய்க்கு விருந்து. அத விடு. டீக்கடைக்காரருக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் உள்ள பஞ்சு வச்சுக் குடு. வெளிய ஒரு கீறல்தான், ஓடு நல்லாத்தான் இருக்கு."

அவள் உள்துணியைப் பிரித்தாள். பக்கவாட்டில் தெர்மாகோல் ஓரிடத்தில் அப்பளமாக நசுங்கிப் போயிருந்தது. அங்கிருந்து உச்சி வரை ஒரு விரிசல்.

"அதான்மா, அதத்தான் டாக்டர் பாத்தாரு" என்று ரொட்டிக்காரர் உற்சாகமாகச் சொன்னார். "ஹெல்மெட்டக் காட்டுங்கன்னு வாங்கி, அந்தப் பள்ளத்துல விரல விட்டாரு. 'இது நசுங்கினதாலதான் உங்க மண்டை நசுங்கல. இந்த வெள்ளை இல்லேன்னா வெறும் சட்டியத்தான் கவுத்திருப்பீங்க'ன்னாரு. எப்படி நம்ம ஆயுசு?"

கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தாள். முன்பு குடைந்து எறிந்து மூலையில் கிடந்த தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். இடது கையை மேஜைமேல் விரித்து, அதன்மேல் ஸ்பான்ஞ்சை வைத்து, சுத்தியல் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்பான்ஞ்சே இல்லாததுபோல வலி நேராக எலும்பில் போய் இறங்கியது. அடுத்து தெர்மாகோலை வைத்து அதே மாதிரி தட்டினாள். தெர்மாகோலில் குழி விழுந்தது. கையில் ஒரு தள்ளு மட்டும்தான் பட்டது.

"ஏம்மா, கைய ஏன் அடிச்சுக்கற?" ரொட்டிக்காரர் மிரண்டுபோனார்.

உட்காருகிறவனின் பாரத்தைத் தாங்குவது எப்படி என்று அவளுக்கு அத்துப்படி. விழுகிறவனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரியாமலே எத்தனை தலைகளில் கைவைத்துவிட்டாள்! அதில் ஒரு தலை இந்த நேரம் நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால்தான் அவன் பக்கத்து ஊருக்கு லிஃப்ட் பழுது பார்க்கக் கிளம்பியிருந்தான்.

ஃபோனை எடுத்து அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். எடுக்க மாட்டான். எடுக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னவளே அவள்தானே. எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம்.

லிஃப்ட் கம்பெனி மேனேஜரை அழைத்தாள்.

"சார், அவரு போற இடத்து நம்பர் வேணும். அவரோட ஹெல்மெட் சரியில்ல."

"லிஃப்ட் சரியில்லன்னாதான்மா எனக்கு ஃபோன் வரும். ஹெல்மெட்டுக்கும் நான்தானா?" என்று சிரித்தார். "சீக்கிரம் குடுங்க சார்" என்றாள் அவள். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, சட்டென்று கட்டடத்தின் முகவரியையும் அங்கிருக்கும் காவல்காரரின் நம்பரையும் கொடுத்துவிட்டார்.

காவல்காரர் எடுத்ததுமே பொரிந்தார். "இன்னும் வரலம்மா! மாடிக்காரங்க எல்லாம் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து என்னைத்தான் திட்டுறாங்க. வர்ற வழியில ஏதோ லாரி கவுந்து கிடக்காம். ஒரு பைக்கும் அதுல மாட்டிக்கிச்சுன்னு பேசிக்கறாங்க."

"யாரு பைக்கு?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ரொட்டிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "அண்ணே, கடையப் பாத்துக்கங்க. உங்க ஹெல்மெட்ட மட்டும் திரும்பத் தலையில வைக்காதீங்க. ஒரு தரம் உயிரக் காப்பாத்திடுச்சு, அதோட அதுக்கு வேலை முடிஞ்சது. புதுசு வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினாள்.

ஸ்கூட்டர் சாவி இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அவளுடைய ஹெல்மெட்டிலும் அதே ஸ்பான்ஞ்சுதான். அடுத்த தெருவில் ஹெல்மெட் கடைக்குள் நுழைந்தாள். "இருக்கறதுலயே பெரிய தலைக்குக் குடுங்க" என்றாள். கடைக்காரர் அவள் தலையைப் பார்த்துக் குழம்பினார். விளக்கம் சொல்லப் பொறுமையில்லாமல் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியில் வந்த பஸ்ஸில் தொற்றினாள்.

மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே ஒவ்வொரு பைக்காகப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பஸ்ஸுலயும் ஹெல்மெட்டாம்மா? டிரைவர் மேல அவ்வளவு நம்பிக்கையா?" முன்னாலிருந்து ரெண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பஸ் ஊர்ந்தது. கவிழ்ந்த லாரி தெரிந்தது; ரோடெங்கும் சிமெண்ட் மூட்டைகள். ஓரத்தில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே ஒரு பைக் சக்கரம் மட்டும் மேலே பார்த்துக் கிடந்தது. அவள் எழுந்து, ஜன்னல் வழியே ரோட்டில் நின்ற ஒருவரிடம் கத்தினாள். "ஐயா, அது என்ன கலரு? வண்டி என்ன கலரு?"

"சிவப்பும்மா. யாருக்கும் ஒண்ணுமில்ல, ஓட்டினவன் அங்க நின்னு ஃபோன் பேசிட்டிருக்கான் பாரு."

அவன் வண்டி கறுப்பு. அப்படியே சீட்டில் சரிந்தாள். அழுகை வந்தது, ஆனால் பயம் முடிந்தபாடில்லை. இந்த இடத்தைத் தாண்டி இன்னும் எவ்வளவு ரோடு இருக்கிறது.

கட்டடத்து வாசலில் கறுப்பு வண்டி நின்றது. காவல்காரர் கையை மேலே காட்டினார். லிஃப்ட் ஓடாததால் படியில்தான் ஏற வேண்டும். மொட்டைமாடி மோட்டார் அறையில் அவன் முகமெல்லாம் கிரீஸோடு குனிந்திருந்தான். அவளைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்தது.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். மூச்சிரைப்பில் அதற்கு மேல் வரவில்லை.

"அதச் சொல்லவா இவ்வளவு படி ஏறி வந்த? ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். ஃபோன் ஏன் எடுக்கலன்னு மட்டும் கேட்டுடாத, அது உன் சட்டம்."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ரொட்டிக்காரர், பள்ளம், சுத்தியல், வீங்கிய கை. அவன் கிண்டலுக்கு வாயைத் திறந்தான். வீக்கத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். பழைய ஹெல்மெட்டை எடுத்து உள்ளே விரலால் குத்தினான். விரல் ஸ்பான்ஞ்சில் புதைந்து ஓட்டில் போய் முட்டியது.

"இதப் போட்டுக்கிட்டா இவ்வளவு நாள் தைரியமா ஓட்டினேன்?" என்றான் மெதுவாக. "கழட்டி முழங்கையில மாட்டினப்போகூட பயந்து பயந்து ஓட்டினேன்டி."

புதிய ஹெல்மெட்டை அவளே அவன் தலையில் இறக்கினாள். சற்று இறுக்கமாகத்தான் இருந்தது. கன்னம் இரண்டும் பிதுங்கின.

"காதப் பிடிச்சுத் திருகுற மாதிரி இருக்கு."

"ஆட்டிப் பாருங்க. ஆடாம இருந்தா அதான் சரியான அளவு. நசுக்கி வலிச்சா இன்னும் பெரிசு மாத்தலாம். ஆனா பிளேடு மட்டும் இனிமே தொடாது."

அவன் தலையை ஆட்டினான். ஹெல்மெட்டும் கூடவே ஆடியது. தனியாக நகரவில்லை. வலிக்கவும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அப்புறம் சட்டென்று அவளைப் பார்த்தான். "டீக்கடைக்காரர்?"

அந்த வாரம் முழுக்க அவள் வீடு வீடாகப் போனாள். டீக்கடைக்காரர், "நல்லா இருக்கறதக் கெடுக்காத தாயே" என்று சண்டை பிடித்தார்; அவர் கண் முன்னாலேயே கையை வைத்து அடித்துக் காட்டிய பிறகுதான் கொடுத்தார். நர்ஸம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது. மருந்துக்கடைக்காரர் திட்டித் தீர்த்தார். மகனுடையதை வாங்கும்போது அவள் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாங்கிய ஒவ்வொன்றிலும் இனி யாரும் மாட்ட முடியாதபடி வாரை அறுத்துப் போட்டாள்.

எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ஒரு மழை மத்தியானம் வழிப்போக்கனாக ஒருவன் ஒதுங்கினான். பேச்சுவாக்கில் அவனுக்கும் செய்து கொடுத்திருந்தாள். எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் கேட்கவில்லை. முகம்கூட நினைவில் இல்லை. கரும்பச்சை ஹெல்மெட், அவ்வளவுதான்.

போன மாதம் கடைக்கு எதிரே உள்ள சிக்னலில் ஒரு கரும்பச்சை ஹெல்மெட் நின்றது. அவள் தைத்துக்கொண்டிருந்த சீட்டை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள்.

"தம்பி, ஒரு நிமிஷம் கழட்டிக் காட்டுங்க."

"என்னக்கா, போலீஸா நீங்க?"

"காட்டுப்பா, கோவிச்சுக்காத."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். உள்ளே கம்பெனியில் போட்ட தையல் அப்படியே இருந்தது. அவளுடையது இல்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"யாரையாவது தேடறீங்களா அக்கா?"

"ஆமாப்பா. ஆளு யாருன்னுதான் தெரியல."

அவன் மாட்டிக்கொண்டு வாரைப் பூட்டினான். சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் நடு ரோட்டிலேயே நின்று, அடுத்து வருகிற தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.