பிள்ளையின் வீட்டுக்கு மேலால்

அக்காவின் தையல் மெசினை மூடினால் கிடைக்கும் பலகையில்தான் அத்தான் விமானம் ஓட்டினார். கொக்குவில் வீட்டின் முன்னறையில் யன்னலோரமாக அந்த மெசின் நின்றது. அக்காவுக்குத் தையல் வேலை வந்துவிட்டால் அன்று அத்தானின் பறப்பு ரத்து. மற்ற நாட்களில் கணினித் திரையையும், மகள் லண்டனிலிருந்து அனுப்பியிருந்த விமானக் கைப்பிடியையும் அதன்மேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். வீடுகளுக்கு வயரிங் செய்து ஓய்ந்த மனிதர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட நிச விமானத்தில் ஏறியதில்லை.

பார்ப்பவர்களுக்கு அது வயதுபோன காலத்துக் கணினி விளையாட்டு. அத்தானுக்கு அப்படியில்லை. ஓடுபாதையை விட்டு எழும்ப முன்னரே எந்த வழியால் போவது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, சேருமிடத்துக்குள் எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று முழுவதையும் திட்டமிட வேண்டும். அதற்கென்றே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. நான் கணினி திருத்தும் கடையில் வேலை செய்ததால் அவற்றைத் தேடிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. முதலில் இலவசமான ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்த வான்வழிகள் பழையவை. அது எழுதிக் கொடுத்த வழியின் பெயரை திரை விமானத்துக்குள் இருக்கும் கணினி தனக்குத் தெரியாது என்றது. "தம்பி, திட்டத்திலை ஒரு வழி, பிளேனுக்குள்ளை ஒரு வழி எண்டால் நடுவானத்திலை நிண்டு முழிக்க வேண்டியதுதான்," என்றார். கடைசியில் மாதாமாதம் வழிகளைப் புதுப்பித்துத் தருகிற ஒன்றைத் தெரிவு செய்தோம். விமானத்துக்குள்ளும் அதே மாதத்து வழிகளை ஏற்றிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

லண்டனுக்குள் இறங்குகிற விமானங்களுக்குப் பல வருகை வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையால் நகரத்தை நெருங்கும். நிச விமானிக்குக் கீழே விமான நிலையத்திலிருந்து சொல்கிற வழிதான். அத்தான் விரும்பியதை எடுக்கலாம். அவர் எப்போதும் ஒன்றையே எடுத்தார். அது மகளின் வீட்டுக்கு மேலால் போகும் வழி. "அப்பா, இண்டைக்கும் எங்கடை கூரைக்கு மேலாலையோ வந்தனீங்கள்?" என்று பிள்ளை போனில் கேட்பாள். "ஓம், உன்ரை உடுப்புக் காயுறதைக் கண்டனான். மழை வருது, எடுத்து வை பிள்ளை," என்பார் இவர். அங்கே அநேகமாக உண்மையிலேயே மழை பெய்துகொண்டிருக்கும். அந்தந்த நேரத்து வானிலையும் அவருடைய திரைக்கு வந்துவிடும். அவர்களுக்கு அவள் ஒரே பிள்ளை.

அவளுக்கு இரத்தத்தில் வருத்தம், கடும் நோய் என்று அவளுடைய கணவன், அத்தானின் மருமகன், சொன்னபோது அத்தானும் அக்காவும் ஒன்றாகத்தான் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது. அத்தானுக்குக் கிடைக்கவில்லை. அவர் திரும்பி வருவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லையாம். ஒரே வீட்டில், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வருவார், மற்றவர் வரமாட்டார் என்று எங்கேயோ ஒரு மேசையில் முடிவாகியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. திரும்ப விண்ணப்பித்தோம். பதில் வரும்வரை அக்காவை மறித்துவைக்க வருத்தம் விடவில்லை. "நீர் போம். நான் பிறகு வாறன்," என்றார் அத்தான்.

பக்கத்திலிருக்கும் கோப்பாய்க்குத் தனியாக பஸ்ஸில் போகவே யோசிப்பவள் அக்கா. அவளுக்காக அத்தான் டுபாயிலிருந்து லண்டனுக்குத் திரும்பத் திரும்ப விமானம் ஓட்டினார். அவளைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, "உந்தச் சத்தம் வரேக்கை பயப்பிடாதையும், சில்லை உள்ளுக்கை இழுக்கிறாங்கள்," என்பார். "இறங்கேக்கை காது அடைக்கும், எச்சிலை விழுங்கும்." லண்டனுக்குக் கிட்ட வந்த பிறகு ஏன் வளைந்து வளைந்து போகிறது என்று அக்கா கேட்டாள். "கீழை இடமில்லாட்டி மேலை சுத்த விடுவாங்கள். அது ஒண்டுமில்லை. உமக்குத் தெரியவும் தெரியாது."

கொழும்பில் இருந்த ஒரு சொந்தக்காரர் அவளை டுபாய் விமானத்தில் ஏற்றிவிட்டார். காலையில் டுபாயிலிருந்து பேசினாள். "மாறி ஏறப்போறன். யன்னல் பக்கம்தான் தந்திருக்கினம்." குரலில் பயம் இல்லை. அவளுடைய விமானம் எழும்பிய அதே நேரத்தில் அத்தானும் தன்னுடையதை எழுப்பினார். நிச விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்து திரையோடு சாய்த்து வைத்திருந்தார். அதில் அக்காவின் விமானம் ஒரு சின்ன மஞ்சள் உருவமாக ஊர்ந்தது.

நான் மத்தியானச் சாப்பாட்டோடு போனபோது இரண்டு விமானங்களும் கருங்கடலை நெருங்கியிருந்தன. என்னுடைய போன் அடித்தது. மருமகன். அத்தானிடம் கொடுக்கச் சொன்னான். அத்தான் "ஓம்" என்றார். சிறிது பொறுத்து மறுபடியும் "ஓம்" என்றார். "மாமி இறங்கினாப் பிறகு நானே சொல்லுறன், மாமா," என்று மருமகன் அழுதது எனக்கும் கேட்டது. அத்தான் போனைத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை போயிட்டுது, தம்பி."

அத்தான் அழவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் உருவத்துக்குள் அக்கா இருந்தாள். எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தாள். "அக்காவுக்கு ஒருக்கா அறிவிக்கேலாதோ அத்தான்?" என்று கேட்டேன். "ஆரிட்டைச் சொல்லி? அறிவிச்சாலும் அந்த மனுசி தனிய அந்தக் கதிரையிலை இருந்து என்ன செய்யிறது?" என்றார். கொஞ்ச நேரத்தில் கணினியை நிறுத்தப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "விடு. அவ இன்னும் போய்க்கொண்டிருக்கிறா."

சனம் வரத் தொடங்கியது. செய்தி எப்படித்தான் பரவியதோ தெரியாது. வந்தவர்கள் முன்னறையில் அத்தான் விமானம் ஓட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு முற்றத்திலேயே நின்றார்கள். அயலட்டைப் பெண்கள் அழுத சத்தம் உள்ளே வந்தது. அவர் திரும்பவில்லை. இங்கிலாந்துக் கரை தெரிந்ததும் திட்டமிடும் மென்பொருளைத் திறந்து, வழக்கமாக எடுக்கும் வருகை வழியை அழித்தார். "வீட்டுக்கு மேலாலை வேண்டாம். எது நீட்டு எண்டு பார்," என்றார். நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். வடக்கால் சுற்றிக்கொண்டு வருகிற ஒன்றை எடுத்தார். இந்தத் திசையிலிருந்து வருகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று மென்பொருள் சிவப்பெழுத்தில் எச்சரித்தது. பரவாயில்லை என்று அழுத்தினார். அந்த வழியின் முடிவில் வட்டமிட்டுக் காத்திருக்கும்படியும் பதிந்தார்.

"கொஞ்சம் சுத்தட்டும், தம்பி. இறங்கினால் அவவுக்குத் தெரிஞ்சிடும்."

வரைபடத்தில் அக்காவின் விமானம் நேராகத்தான் வந்தது. பிறகு என்ன காரணமோ, அதுவும் ஒரு வளையம் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். இன்னொரு வளையம். அத்தான் போனின்மேல் குனிந்து, "இறங்க விடாதேங்கோ, விடாதேங்கோ," என்று முணுமுணுத்தார். வளையம் அவிழ்ந்து கோடாயிற்று. "பிள்ளையின்ரை கூரைக்கு மேலாலை போகுது," என்றார். மஞ்சள் உருவம் நிலத்தைத் தொட்டதும் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். திரையில் அவருடைய விமானம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அழுதார்.

அங்கேயே தகனம் முடித்து, அக்கா சாம்பலோடு வந்தாள். அவள் வந்த கிழமையில் அத்தானின் இரண்டாவது விண்ணப்பத்துக்கும் மறுப்பு வந்தது. கீரிமலைக் கடலில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தபின் அத்தான் அந்தக் கணினியைத் தொடவில்லை. பலாலி விமான நிலையத்துக்கு வருகிற சின்ன விமானம் சத்தத்தோடு மேலால் போனாலும் இப்போது தலையை நிமிர்த்துவதில்லை.

போன மாதம் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் அக்கா முதன்முதலாகக் கேட்டாள். "நீங்கள் எப்ப அறிஞ்சனீங்கள்?"

"நீர் மேலை நிக்கேக்கை."

"இறங்க முன்னம் சுத்த விட்டவங்கள். பக்கத்திலை இருந்த மனுசன் புறுபுறுத்துக்கொண்டு இருந்தது," என்றாள். "நான் கீழை பாத்து, உதுக்குள்ளை எது பிள்ளையின்ரை வீடு எண்டு தேடினன். அவளைக் கண்ட உடனை என்ன கதைக்கிறது எண்டு யோசிச்சன். எனக்குச் சந்தோசமா இருந்தது."

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் சுத்த விட்டிருக்கலாம்," என்றாள் அக்கா.