உடைக்காமல் போட்ட தரை

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தரையை உடைக்கக் கூடாது என்று எங்கள் குடும்பம் நம்பியது. சுவரில் ஆணி அடிப்பதைக்கூடப் பிள்ளை பிறக்கும்வரை தள்ளிவைப்போம். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்திய நான், இந்த நம்பிக்கையை மட்டும் ஒருபோதும் சோதித்துப் பார்த்ததில்லை. ஊரார் பிள்ளை என்றால் வாதாடலாம்; சொந்த மகளின் வயிற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் வாதாடுவார்?

ஆனால் தரையை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. கூடத்தில் பதித்திருந்த பழைய டைல்ஸ் கண்ணாடிபோல் பளபளக்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வியர்க்கும். முந்தைய ஆண்டு அதில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். இப்போது ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் மகள் பிரசவத்துக்கு இங்கேதான் வரவிருந்தாள். அவள் அந்தக் கூடத்தில் நடப்பதை நினைத்தாலே எனக்கு மணிக்கட்டு வலித்தது.

கும்பகோணத்திலிருந்து வந்த டைல்ஸ் மேஸ்திரி வழி சொன்னார். பழையதை உடைக்கவே வேண்டாம். அதன்மேல் பசை தடவிச் சொரசொரப்பான புதிய டைல்ஸை ஒட்டிவிடலாம். என் நாத்தனார், கணவரை இழந்தபின் எங்களோடு வந்துவிட்டவர், அவரை மூன்று முறை விசாரித்தார்.

“ஒரு கல்லு கூட உடைய வேணாமா?”

“வேணாம்மா. பசை பிடிக்கிறதுக்கு மேல லேசா கீறி விடுவோம், அவ்வளவுதான்.”

நாத்தனார் சற்று யோசித்தார். “கீறுறது கணக்குல வராது” என்று தீர்ப்பளித்தார்.

மகள் வருவதற்குள் எல்லாம் முடியும் என்றிருந்தோம். மழையில் டைல்ஸ் லாரி ஐந்து நாள் தாமதமானது. அறைகள் முடிந்து கூடம் மட்டும் எஞ்சியிருந்தபோது, நானும் கணவரும் வளைகாப்புக்காக மகளின் புகுந்த ஊரான ஒரத்தநாட்டுக்குப் போனோம். நாத்தனார் வரவில்லை. “மேஸ்திரிய யாரு பாத்துக்கிறது?” என்றார். அது மட்டுமே காரணம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் முற்பகல், இரு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு மகளைக் காரில் அழைத்து வந்தோம். வாசல் கேட்டருகே நாத்தனார் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார்.

“எறங்காதடி. அங்கயே இரு.”

காலையில் மேஸ்திரி கூடத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். கெட்டியாக ஒட்டியிருப்பது ஒரு மாதிரி ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருப்பது பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். நடுக்கூடத்தில் ஆறு பானைகள்.

“இந்த ஆறையும் எடுக்காம மேல ஒட்டினா புதுசும் சேந்து ஆடும் சார்,” என்றார் அவர் என் கணவரிடம். “ஆடுற தரையில புள்ளத்தாச்சி நடக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

உடைத்தால் நம்பிக்கை பிசகும். உடைக்காவிட்டால் மகளின் கால் பிசகும். எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தோம். அவர் மகளைப் பார்த்தார், நிலைப்படியைப் பார்த்தார்.

“அவ இன்னும் படி தாண்டல. தாண்டாதவரைக்கும் இது புள்ளத்தாச்சி இருக்கிற வீடு இல்ல. சீக்கிரம் ஆகட்டும்.”

மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மகளை உட்காரவைத்தோம். நாத்தனார் அவளுக்குத் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மேலே கறுத்துக்கொண்டிருந்த வானத்தையும் உள்ளே மேஸ்திரியையும் மாறிமாறி அதட்டினார்.

“அத்தை, மழை வந்தா நான் உள்ள வரலாமா?”

“குடை இருக்கு. பேசாம சாப்புடு.”

மேஸ்திரி இடுக்குகளை மெஷினால் அறுத்து, தகட்டை நுழைத்து நெம்பினார். ஒட்டாமல் கிடந்ததால் முதல் கல் முழுசாகவே எழும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. நாத்தனாரின் முகம் தெளிந்தது. நான்காவதைத் தூக்கியபோது அடியில் வெறும் மணல். மணலோடு ஏழெட்டு நெல்மணிகள்.

என் கணவர் குனிந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

பத்து ஆண்டுகளுக்கு முன், அந்தத் தரை போட்ட மறுநாளே குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிட்டார்கள். களத்தில் நனையவிட மனமில்லாமல், இடுக்குகள்கூடப் பூசாத, காயாத புதுத்தரையில் மூட்டை மூட்டையாக அடுக்கியவர் என் கணவர். அன்று எங்களில் ஒருவருக்கும் தரை ஞாபகமே வரவில்லை. நெல் நனைகிறபோது வேறெதுவும் கண்ணில் படாது, எங்கள் ஊரில்.

“பழைய மேஸ்திரி தப்பு இல்ல போலருக்கு,” என்றார் மெதுவாக.

“தரைய சரியாப் போடலன்னு நான் அந்த ஆளத் திட்டாத நாள் உண்டா தம்பி?” என்றார் நாத்தனார்.

மாமரத்தடியிலிருந்து மகளின் குரல் வந்தது: “அப்பா, அவருக்கு ஒரு போன் போடுங்க. பத்து வருஷத் திட்டைத் திருப்பி வாங்கிக்கணும்.”

போன் செய்தார். அந்த மனிதருக்கு எங்கள் வீடே நினைவில்லை. ஆனாலும், “பரவால்ல விடுங்க, நெல்லு காப்பாத்துனீங்கள்ல?” என்றாராம்.

ஆறு குழிகளையும் கலவையால் நிரப்பியபின், முதல் தூறலில் மகளுக்கு ஆரத்தி எடுத்தோம். சுவரோரமாக நடத்தி அறைக்குள் அழைத்துச் சென்றோம். அடுத்த மூன்று நாட்கள் நாத்தனார் கூடத்தின் நடுவே நாற்காலிகளைக் கவிழ்த்து வேலி கட்டிவைத்தார். என் கணவர் செய்தித்தாளோடு அந்தப் பக்கம் திரும்பினாலே, “மூட்டை கீட்டை ஏதும் இருக்கா தம்பி?” என்று கேட்பார். நான்காம் நாள் புதிய டைல்ஸ் ஏறியது. தரை உயர்ந்ததில் பின்கட்டுக் கதவு சிக்கிக்கொண்டது. அதை இழைப்பதையும் தள்ளிவைத்ததில், பிள்ளை பிறக்கும்வரை பாதி திறந்தபடியே நின்றது.

மகள் அந்தத் தரையில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பேத்தி அதில்தான் பாய் விரித்துக் குப்புற விழப் பழகினாள். ஐந்தாம் மாதம் இருவரும் ஒரத்தநாட்டுக்குத் திரும்பினார்கள்.

மறுபடியும் ஐப்பசி மழை; கால் வழுக்கவில்லை. மகளுக்காகப் போட்ட தரையில் இப்போது நடப்பவர்கள் நான், என் கணவர், நாத்தனார். மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.