வாசனை வராத ஊருக்கு ஒரு மேப்

ஆம்பூரில் நான் யாரிடமும் வழி கேட்டதில்லை. எதற்குக் கேட்கணும், மூக்கு இருக்கிறதே. ரயிலில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தாலும், தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் ஏறியதும் கால் தானாகச் செருப்பைத் தேடும், ஸ்டேஷன் வந்தாச்சு. செருப்பு ஒட்டும் சொல்யூஷன் நெடி அடித்தால் ஷூ கம்பெனித் தெரு. பிரியாணியும் சாக்கடையும் சரிபாதியாக வந்தால் பஜார். எல்லா நாற்றத்துக்கும் தலைமை நாற்றம், நான் வேலை பார்க்கும் பச்சைத்தோல் குடோன். உப்புத் தடவிய தோலைப் புரட்டி, ஓட்டை, கீறல் பார்த்து ரகம் பிரிப்பது என் பிழைப்பு. கண்ணைக் கட்டி ஊரில் எங்கே விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். வீட்டில் இருப்பவளும் கண்ணை மூடிக்கொண்டே நான் வந்ததைச் சொல்லிவிடுவாள்.

இந்தத் திமிரில்தான் என் மனைவியின் வீட்டைத் தொலைத்தேன்.

அது செல்போனுக்குள் இருந்த வீடு. ஒரு விளையாட்டு. மரத்தை வெட்டி, மண்ணைத் தோண்டி, கட்டை கட்டையாக அடுக்கி என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். பசித்தால் சாப்பிடணும்; இருட்டினால் பிணங்கள் எழுந்து வந்து அடிக்கும். ஆளுக்கொரு போனில் இரண்டு பேரும் ஒரே உலகத்துக்குள் போகலாம்.

அவள் கணியம்பாடிப் பக்கம் வயல்காற்றில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், தின்றது எதுவும் அவள் வயிற்றில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் "அதுக்குள்ள விசேஷமா?" என்று சிரித்தார்கள். விசேஷம் ஒன்றும் இல்லை, காற்றுதான். எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரே ஜன்னல். அன்றைக்கு மூடினாள், இன்னும் திறக்கவில்லை. ஆனால் விளையாட்டுக்குள் ஏரிக்கரையில் அவள் கட்டிய வீட்டில் சுவரை விட ஜன்னல் ஜாஸ்தி. சாயங்காலம் போனை எடுத்து, உள்ளே போய், ஒரு ஜன்னலோரம் சும்மா நிற்பாள். நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

"தள்ளி நில்லுங்க" என்பாள். பழக்கதோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரும்பு தோண்ட மலைப்பக்கம் கிளம்பினோம்.

"மேப் ஒண்ணு செஞ்சிக்கினு போலாங்க."

"மேப்பா? என்னை இன்னா வெளியூர்க்காரன்னு நெனச்சியா? பின்னாடியே வா."

வந்தாள், பாவம். இரும்பு கிடைத்தது. கூடவே ஏதோ சிவப்புப் பொடியும் கிடைத்தது. திரும்பும்போதுதான் உறைத்தது, அந்த உலகத்தில் எதற்கும் வாசனை கிடையாது. இடது பக்கம் ஒரு மரம், வலது பக்கம் அதே மாதிரி ஒரு மரம். சேறு நாறவில்லை, ஆடு நாறவில்லை, அடித்துப் போட்ட பிணம்கூட நாறவில்லை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் தாங்காமல் குமட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நாற்றம் இல்லாமல் குமட்டியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

விளையாட்டுக்குள் இருட்டியது. கையோடு கொண்டுபோன கட்டில்களைச் சேற்றுக்குட்டை ஓரம் போட்டுப் படுக்கலாம் என்றேன். படுத்தோம். அங்கே செத்துப்போனால், கடைசியாகப் படுத்த இடத்தில்தான் மறுபடி கண் விழிப்போம். அதுவரை நாங்கள் கடைசியாகப் படுத்தது அவள் வீட்டில். செத்தாவது வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். என் புண்ணியத்தில் அந்த வழியும் அடைபட்டது.

அடுத்து பசி. பிணத்திடமிருந்து விழுந்த அழுகல் கறி என்னிடம் இருந்தது.

"அத்தத் தின்னாதீங்க."

தின்றேன். பசியைக் காட்டும் படம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக மாறியது. சாப்பிடச் சாப்பிடப் பசி கூடியது. இன்னொன்றும் தின்றேன்.

"ச்சீ! உள்ள போயும் இதே பொழப்புதானா?" என்றவள், பாயில் நிஜமாகவே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு போனைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு என் வீடு வேணும். இங்க ஒரு ஜன்னலக்கூடத் தொறக்க முடியாது. அது ஒண்ணுதான் இருந்துச்சு."

விளையாட்டுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. என் சட்டையிலிருந்து குடோன் வாசனை எனக்கே அடித்தது. அன்றைக்கு லீவு, துவைத்த சட்டை வேறு.

மேப் செய்தோம். அங்கே காகிதம் கரும்பிலிருந்து வரும். "தண்ணியோரமாத் தேடுங்க, கரும்பு காட்டுலயா மொளைக்கும்?" என்று கணியம்பாடிக்காரி அதட்டினாள். குட்டையின் மறுகரையில் இருந்தது. நாலு இரும்புக்கு நடுவில் சிவப்புப் பொடி வைத்தால் திசைகாட்டி. அதைச் சுற்றி எட்டுக் காகிதம் வைத்தால் மேப். பழுப்பாக, ஓரமெல்லாம் பிய்ந்து, அசல் மூன்றாம் ரகத் தோல் மாதிரி விரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த இடம் மட்டும்தான் அதில் வரையப்படுமாம். வழி தெரியாதவனுக்கு வழியைக் காட்டாமல், நீயே நடந்து வரைந்துகொள் என்கிற மேப்.

ரொம்ப தூரம் நடந்தேன். புதுக் காடு, புது மேடு, இன்னொரு புதுக் காடு.

அவள் எட்டிப் பார்த்தாள். "இது இன்னா, கோலமா?"

பார்த்தால், குட்டையைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் மட்டும் வரைந்திருந்தது. புதுக் காடு எல்லாம் ஒரே காடு. ஊருக்கே வழி சொல்கிற மூக்கு, செக்குமாடு மாதிரி என்னைச் சுற்ற வைத்திருக்கிறது. காறித் துப்பலாம் போலிருந்தது. பாயில் துப்ப முடியாது.

"யோவ், குடுய்யா இப்டி."

மரியாதை போய்விட்டது, மேப்பும் போய்விட்டது. அவள் என்னை மாதிரி அலையவில்லை. மேப்பில் வெறுமையாக இருந்த பக்கமாகப் பார்த்து நேராக நடந்தாள். ஓரம் வரை போவாள், கொஞ்சம் தள்ளித் திரும்புவாள், ஏர் ஓட்டுகிற மாதிரி. மேப் பட்டை பட்டையாக நிறைந்தது. ஒரு மூலையில் நீலம் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏரி."

நடையை ஓட்டமாக்கினாள். வீடு அப்படியே இருந்தது. உள்ளே போய் அவளுடைய ஜன்னலோரம் நின்றாள். பாயில் என் பக்கத்தில் ஒரு நீளப் பெருமூச்சு கேட்டது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கணும். மேப்பைச் சுவரில் மாட்டி வைத்தால் இனி யாரும் தொலைய மாட்டோம் என்று தோன்றியது. மாட்ட சட்டம் வேண்டும். சட்டத்துக்குத் தோல் வேண்டும். கரையில் ஒரு மாடு நின்றது. இரண்டு அடி போட்டேன். பதப்படுத்தி, மடித்து வைத்த மாதிரி சுத்தமாக ஒரு தோல் விழுந்தது. உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, புழு இல்லை, மேஸ்திரி திட்டவும் இல்லை. அந்தச் சுத்தம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

"கையில இன்னா?"

"தோலு. மேப்ப மாட்டறதுக்கு."

"இந்த வூட்டுக்குள்ளயா?" கதவு சாத்தப்பட்டது.

"வாசனையே இல்லம்மா, சத்தியமா."

"தெனமும் வேலை முடிஞ்சி வந்து இதையேதான் சொல்றீங்க. தூக்கிப் போட்டுட்டு, ஏரில எறங்கிக் குளிச்சிட்டு வாங்க."

தோலைத் தூக்கிப் போட்டேன். கல்யாணமான ஆம்பிளை, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனுக்குள் நானாக நடமாடும் கட்டை மனுஷனைத் தண்ணீரில் இறக்கினேன். முக்கினேன், எழுப்பினேன், மறுபடி முக்கினேன். ஜன்னலில் அவள், கையில் மேப்.

"போதுமா?"

"இன்னும் உள்ள போங்க. முதுகத் தேய்ங்க."

அவனுக்கு முழங்கையே கிடையாது. அதைச் சொன்னால் ராத்திரி முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கணும் என்று பேசாமல் முக்கிக்கொண்டிருந்தேன்.