நீரேற்று நிலையத்தில் ஒரு கடற்கழுகு

கடல் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். அதனால் ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்கும் அந்தப் பெண், கடற்கழுகைப் பார்த்ததாகச் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருடமாக அதே வேலை. மணிக்கொரு தரம் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பறவை பார்ப்பாள். அதற்கும் தனியாக ஒரு நோட்டு உண்டு.

ஏரி நடுவே பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தது, பழுப்பு நிறத்தில், பெரிதாக. கைப்பேசியில் படமெடுத்துப் பறவைப் பதிவுக் குழுவுக்கு அனுப்பினாள். ‘கரும்பருந்தாக இருக்கலாம். படம் தெளிவில்லை’ என்று பதில் வந்தது. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“பருந்துக்கு வாலு நடுவுல பிளந்திருக்கும். இதுக்கு ஆப்பு மாதிரி இருக்குங்க,” என்றாள் கணவனிடம்.

“ஆப்பு உனக்கா, அவங்களுக்கான்னு பார்ப்போம்,” என்றார் அவர். கல்யாணப் படம் எடுக்கும் கடையில் வண்டி ஓட்டுபவர். மறுநாள் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய கேமராவை இரவல் வாங்கி வந்தார்.

ஒன்பதாம் நாள் காலை, காலில் மீனோடு கழுகு நேராகக் கரையை நோக்கி வந்தது. கேமராவைத் தூக்கினாள். உள்ளே அபாய மணி அலறியது. மோட்டார் சூடேறிவிட்டது. ஒரு நொடி தயங்கினாள்; பிறகு கேமராவைச் சுவரில் வைத்துவிட்டு ஓடினாள். மோட்டாரை நிறுத்தி, வெளியே வந்தபோது வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

“நல்லவேளை. எரிஞ்சிருந்தா ஊருக்கு மூணு நாள் தண்ணி கிடையாது,” என்றார் பொறியாளர். அவர் போனதும் அவள் பறவை நோட்டை எடுத்து அன்றைய நாளுக்கு நேரே ஒரு வரி எழுதினாள்.

பதின்மூன்றாம் நாள் அது தலைக்கு மேலேயே வட்டமிட்டது. வெளிறிய தலை, மேல்நோக்கித் தூக்கிய இறக்கைகள், ஆப்பு வால், எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. பதின்மூன்று நாள் குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினாள். ஒன்பதாம் நாளுக்கு நேரே, ‘பார்த்தேன். படமில்லை. மோட்டார் கோளாறு’ என்றிருந்தது.

குழு ஏற்றுக்கொண்டது: கடற்கழுகு, இளம் பறவை, இப்பகுதியில் முதல் பதிவு.

“ஏதாச்சும் குடுப்பாங்களா?” என்றார் கணவர்.

“பேரு போடுவாங்க.”

“பிழையில்லாம போட்டாச் சரி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுவிலிருந்து இருவர் வந்தார்கள். பறவை போய் இரண்டு நாளாகியிருந்தது. அது உட்கார்ந்த கிளையை அவள் காட்டினாள். வெறுங்கிளையை அவர்கள் வெகுநேரம் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.