எலிக்குச் சர்க்கரை நின்ற சேதி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், வருஷங்களும் மறந்துபோகின்றன. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் சோலி எனக்கு, அதற்கு முன்னே மலையில் ஏலத்தோட்ட வேலை. மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. இன்சுலின் இல்லாவிட்டால் உயிர் தங்காது என்றார்கள். மருந்துக் குப்பியை ஈரமணல் பானைக்குள் வைத்திருப்போம். காலையில் கண்ணாடி ஊசி வெந்நீரில் கொதிக்கிற சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்துகொள்வாள். பதினொரு வயதில், இனிப் போடவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இரண்டு நாள் விட்டதில் வாந்தியும் மூச்சிரைப்புமாகிவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடினேன்.

தேறியதும் டாக்டரிடம் அவளே கேட்டாள்: "இந்த ஊசி எப்பத்தான் நிக்கும்?"

வெளிநாட்டில் எலிகளுக்கு நின்றிருக்கிறது என்றார் அவர். கணையத்துக்குள் இன்சுலின் சுரக்கிற அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் திட்டுகளாய் இருக்குமாம். நல்ல எலியிடமிருந்து அவற்றைப் பிரித்து, சர்க்கரை வந்த எலியின் ஈரலுக்குள் செலுத்தினால் அங்கே தங்கி வேலை செய்கிறதாம். சிதையாமல் பிரிப்பதுதான் பெரும்பாடு என்றார்.

பெரிய மனிதர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு என்னையறியாமல் வந்துவிட்டது.

"மலையில நாத்துக்கு ஏல வெதை எடுக்கறப்ப, பழத்தப் பையப் பிதுக்கி, வழவழப்புப் போறவரைக்கும் தண்ணியில அலசுவோம் அய்யா. அப்படிச் செஞ்சா ஆகாதா?"

அவர் சிரிக்கவில்லை. ஏறக்குறைய அப்படித்தான், ஒரு மருந்தை விட்டு இளக்கி, கெட்டியான திரவத்தில் பிரித்தெடுக்கிறார்கள் என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். "ஆத்தா, ஒன்னய பிளேன்ல கூட்டிட்டுப் போயிருவாக."

என்னிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். அடுத்தவர் அணுவை உடம்பு விரட்டிவிடும், அதற்கும் வழி தேடுகிறார்கள், மனுஷருக்கு வர நாளாகும் என்றார். பிறகு மகளிடம், "அது வர்ற வரைக்கும் உடம்ப நல்லா வச்சிருக்கணும்ல?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஊசி கொதித்தது. அவள் ஓடவில்லை. தானே வந்து உட்கார்ந்து தொடையைக் காட்டினாள்.

"எலிக்கு மொதல்ல. அடுத்து நாந்தான். வெரசாப் போடு."

சாயங்காலம் மூத்திரத்தை நீல மருந்தில் காய்ச்சிப் பார்த்தோம். எப்போதும் செங்கல் நிறத்துக்குப் போவது, அன்று பச்சையோடு நின்றது; சர்க்கரை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். தெருவைக் கூட்டிச் சொல்லலாம் போலிருந்தது.

அதன்பிறகு மதுரைக்குப் போனால், "எலி எப்படியிருக்கு அய்யா?" என்பதுதான் என் முதல் கேள்வி. மனுஷருக்கும் போட்டுப் பார்க்கிறார்கள், கொஞ்சநாள் தாங்குகிறது என்று எண்பதுகளில் ஒரு தடவை சொன்னார். போடி வந்து பஸ்சை விட்டு இறங்குகிறவரை எங்கள் இருவருக்கும் பேச்சு ஓயவில்லை.

மகள் இன்றும் ஊசிதான் போட்டுக்கொள்கிறாள், தன் கையால். சேதியையும் விடாமல் விசாரிக்கிறாள். எலிக்கு அணுவைச் செலுத்தியது ஈரலில் என்றுதான் எனக்கு ஞாபகம், மண்ணீரலாகவும் இருக்கலாம். வைத்தியம் படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். அவள் இதைப் படிப்பாள்.