மூக்குத்தியைக் கழற்றியபோது

1. வயிற்று வலி

காலையில் யாராவது வயிற்று வலி என்று வந்தால், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். எங்கே படுத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் ஒரு சமுதாய நலவழி மையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வில்லியனூர் பக்கம் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறேன். ஓய்வு உடம்புக்குத்தான், வாய்க்கு இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று ஏழரை மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. குருவிநத்தத்திலிருந்து ஏழுமலை என்பவர் தன் மனைவி அஞ்சலாட்சியைத் தூக்கி வந்தார். இரண்டு பேரும் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர்கள்.

"விடிகாலையிலிருந்து வயித்து வலி சிஸ்டர். ரெண்டு வாட்டி வாந்தி. நேத்து கறிக்கொழம்பு சாப்ட்டா, அதான் ஒத்துக்கலபோல."

அஞ்சலாட்சி கண்ணை மூடியபடியே முனகினாள். பேச்சு குழறியது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது.

"இன்னாம்மா, தூங்கவா வந்த? கண்ணத் தொறந்து பேசு."

டியூட்டி டாக்டர் வேலைக்கு வந்து நாலு மாதம் ஆன பெண். அருகில் வந்து பார்த்தவர் மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், அவங்க தூங்கல. இமையைத் தூக்க முடியல."

பிறகு ஏழுமலையிடம் கேட்டார். "ராத்திரி எங்க படுத்திருந்தாங்க?"

"புழுக்கமா இருக்குதுன்னு வூட்டுக்குப் பின்னால தரையில பாயப் போட்டுப் படுத்தா. அங்க கரும்புத் தோட்டந்தான் மேடம்."

கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடிந்ததும் வயிறு வலிக்கும். பிறகு இமை விழும், தொண்டை அடைக்கும், கடைசியில் நெஞ்சுத் தசை நின்றுபோகும். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நானோ தூங்குகிறாயா என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி வந்தால் ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டி டவுனுக்கு அனுப்புவோம். பலர் வழியிலேயே போய்விடுவார்கள். அன்றைக்கு எங்கள் பிரிட்ஜிலேயே விஷமுறிவு மருந்து இருந்தது. பத்து பாட்டிலைக் கரைத்து டிரிப்பில் ஏற்றத் தொடங்கினோம். அது பாதி போவதற்குள் அஞ்சலாட்சியின் மூச்சு நின்றது.

டாக்டர் தொண்டையில் டியூப் போட்டார். முதல் தடவை தவறி, இரண்டாவது தடவை சரியாகப் போனது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்மணி இரண்டும் விரிந்து அசையாமல் நின்றன. உயிர் போனவர்களுக்குத்தான் அப்படி நிற்கும். அவர் முகம் வெளுத்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு. டாக்டரை வீடியோ காலில் பிடித்தோம்.

"பல்ஸ் இருக்குல்ல?" என்றார் அவர்.

"இருக்கு சார். ஆனா பியூப்பில்..."

"கட்டுவிரியன்ல அது அப்படித்தான் இருக்கும், அத நம்பாதீங்க. காத்து மட்டும் வுடாம குடுத்துக்கிட்டே வாங்க. நான் வென்டிலேட்டர் ரெடி பண்ணி வைக்கிறேன்."

அந்த ஒரு நிமிடப் பேச்சு இல்லையென்றால் நாங்கள் அவளைக் கைவிட்டிருப்போம். போனைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்காக அன்றைக்கு மனதார வேண்டிக்கொண்டேன்.

2. நாலு வரை எண்ணுவது

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் நோயாளியின் நகைகளைக் கழற்றி, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியில் முடிந்து, வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது எங்கள் வழக்கம். வழியில் ஏதாவது காணாமல் போனால் பழி நர்ஸ் தலையில்தான் விழும். பரபரவென்று அஞ்சலாட்சியின் மெட்டியை உருவினேன். தாலிச் சரடைக் கழற்றினேன். டியூபுக்கு பிளாஸ்திரி ஒட்ட இடைஞ்சலாக இருந்த மூக்குத்தியைத் திருகி எடுத்தேன்.

ஏழுமலை குரல் உடைந்து அழுதார். "எல்லாத்தையும் கழட்டுறீங்களே சிஸ்டர். அவ்ளோதானா?"

"பேச நேரமில்லப்பா. கையெழுத்தப் போடு."

எங்கள் மையத்து வண்டியில் டிரைவரைத் தவிர ஆள் கிடையாது. டிரிப்பைப் பிடித்துக்கொள்ள ஏழுமலையை ஏற்றிக்கொண்டேன். ஆம்பு பேக் என் கையில் இருந்தது. அது ஒரு ரப்பர் பலூன். அமுக்கினால் ஒரு மூச்சு. வேகமாக அமுக்கினாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. அளவு தப்பாமல் இருக்கச் சத்தமாக எண்ணுவேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலுக்கு ஓர் அமுக்கு.

கிருமாம்பாக்கம் வரைக்கும் பிரச்சினை இல்லை. தவளக்குப்பம் தாண்டியதும் பள்ளிக்கூட நேர நெரிசல். சைரன் போட்டும் வண்டி நகரவில்லை. என் விரல்கள் மரத்துப்போய் பிடி நழுவியது. டிரிப்பை ஜன்னல் கம்பியில் மாட்டச் சொல்லி பலூனை ஏழுமலையிடம் கொடுத்தேன். பயத்தில் அவர் படபடவென்று அமுக்கினார்.

"மெதுவாய்யா. எண்ணிக்கிட்டே அமுக்கு."

அவர் அழுதுகொண்டே எண்ணினார். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் அவர், பிறகு நான், மறுபடி அவர். ஐ.சி.யு. வாசலில் அந்த டாக்டரே காத்திருந்தார். அஞ்சலாட்சியை வென்டிலேட்டரில் மாட்டியதும் நான் வராண்டாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த ஒரு வார்டு ஆயா கேட்காமலே டீ வாங்கிக் கொடுத்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

3. அவள் கேட்டது

ஒரு மாதம் கழித்து அஞ்சலாட்சி தன் காலால் நடந்து எங்கள் மையத்துக்கு வந்தாள். கூட ஏழுமலையும் வந்திருந்தார். நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அழுகையை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"நீங்க எண்ணுனீங்கள்ல சிஸ்டர், அதப் புடிச்சிக்கிட்டுதான் கெடந்தேன்" என்றாள் அவள். "எங்க வூட்டுக்காரரு எண்ணும்போதுதான் பயமா இருந்துச்சி. ரெண்டு வாட்டி மூணை வுட்டுட்டாரு."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஏழுமலை மூன்றை விட்டது உண்மை. வண்டிக்குள் அதைக் கவனித்தவள் நான் மட்டும்தான், அழுத பதற்றத்தில் அவருக்கே தெரிந்திருக்காது.

கட்டுவிரியன் விஷம் தசையைத்தான் கட்டிப்போடும், நினைவு அப்படியே இருக்கும் என்று டிரெயினிங்கில் எழுதிப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியவள் நான். அன்றைக்கு என் கைக்கு அது ஞாபகம் வரவில்லை.

"அப்போ எல்லாமே கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சி சிஸ்டர். தூங்கவா வந்தன்னு கேட்டீங்களே, அதுவும். மெட்டிய உருவுனீங்க. தாலியக் கழட்டுனீங்க. இவரு அழுதாரு. சரி, நாம செத்துட்டோம், பொணத்துக்குச் செய்யிறத செய்யிறாங்கன்னு நெனச்சேன். கத்தணும்னு பாக்குறேன், ஒதடு அசையல." கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் சிஸ்டர்."

குறை சொல்லும் குரல் இல்லை அது. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தப்புதாம்மா, மன்னிச்சிக்கோ என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஆம்புலன்ஸில் கையடக்க வென்டிலேட்டர் வந்துவிட்டது. அதுவே மூச்சு கொடுக்கும், அதுவே அளவு பார்க்கும், விரல் மரத்துப்போகாது. என் காலத்திலேயே அதைப் பார்த்துவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் அப்படியேதான் இருக்கின்றன. பிள்ளைகளே, அந்த மிஷின் நோயாளியிடம் பேசாது, நீங்கள்தான் பேச வேண்டும். கண் மூடியிருக்கிறவரிடமும், அசையாமல் கிடக்கிறவரிடமும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். அஞ்சலாட்சி வந்துபோன நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் நான் அப்படித்தான் செய்தேன். அதற்கு அவளுக்குத்தான் நன்றி.

அன்று புறப்படும் முன் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நான் முடிந்து கொடுத்த அதே காஸ் துணி. தாலியும் மெட்டியும் போட்டிருந்தாள், மூக்குத்தி மட்டும் அதில் இருந்தது.

"நீங்க கழட்டுனது சிஸ்டர். நீங்களே போட்டு வுடுங்க."

துளை கொஞ்சம் தூர்ந்திருந்தது. எத்தனையோ பேருக்கு நரம்பு தேடி ஊசி குத்தியவள் நான், மூக்குத்தியை ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு தடவை துடைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள்.

"அஞ்சலாட்சி, மூக்குத்தி போடுறேம்மா. கொஞ்சம் வலிக்கும்" என்றேன்.

"ம்" என்றாள். பிறகுதான் தொட்டேன்.