சகாய பிரியாவின் விண்டோஸ்கள்

விண்டோஸில் எத்தனை பதிப்பு வந்திருக்கிறது என்று சகாய பிரியாவைக் கேட்டால் காதால் எண்ணிச் சொல்வாள். அவளுக்குக் கண் தெரியாது. சிறு வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போயிற்று. முகையூரில் கரும்பு போடும் லூர்துநாதனின் இரண்டாவது மகள். விழுப்புரத்தில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் ரயிலேறித் திண்டிவனம் வந்து, பத்திர எழுத்தர் அரங்கநாதனிடம் தட்டச்சு வேலை பார்க்கிறாள். அவர் சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள். அடித்ததைக் கணினி ஹெட்போனில் அவளுக்கு வாசித்துக் காட்டும்.

விடுதிப் பள்ளியில் எக்ஸ்பி. கல்லூரியில் ஏழு. இரண்டும் எழும்போது ஆளுக்கொரு ராகம் பாடும். ராகம் கேட்டால் மிஷின் தயார் என்று பொருள். கண்ணுள்ளவர்களுக்குப் புதுப் பதிப்பு என்றால் புதுச் சட்டை மாதிரி. அவளுக்கோ, தூங்கி எழுவதற்குள் யாரோ வீட்டிலுள்ள கட்டிலையும் அண்டாவையும் இடம் மாற்றிவைத்த கதை.

எட்டாம் பதிப்பு அவள் வாயில் மண்ணைப் போட்டது. அப்போது விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் முதல் வேலை. ஒரு திங்கட்கிழமை பட்டனை அழுத்தினாள், சத்தமே இல்லை. ஆன் ஆகவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்தினாள். அதில் புதிதாக ஏற்றியிருந்த எட்டாம் பதிப்பு, ராகம் பாடாமலே எழுந்துகொள்ளும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? எழுந்த மிஷினை அவளே திரும்பத் திரும்ப அணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல அங்கே நாதியில்லை.

"நீ கைய வெச்சாலே மிஷின் பேஜாரு பண்ணுதும்மா. வூட்டுக்குப் போ, சொல்லி அனுப்புறேன்" என்றார் முதலாளி.

சொல்லி அனுப்பவே இல்லை. என்ன நடந்தது என்பது பல மாதம் கழித்து ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது. அன்றிரவு அவள் அழுததைவிட அதிகமாகக் கோபப்பட்டாள். இனி ஒரு மிஷின் முன்னாலிருந்து என்னை எவரும் எழுப்பக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாள்.

அரங்கநாதனிடம் வந்தபோது பத்து ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சத்தமில்லாத ரகம்தான். ஆனால் இந்த முறை ஏமாறவில்லை, பழகிக்கொண்டாள். ஆண்டுகள் ஓடின. போன ஆடியில் மறுபடியும் வந்தது வினை.

ஆடியில் யாரும் நிலம் பதிய மாட்டார்கள். பத்திர எழுத்தர்கள் ஈ ஓட்டும் மாதம் அது. "பத்துக்கு இனிமே அப்டேட் நின்னுடும் சார். உங்க பழைய மிஷின்ல பதினொண்ணு ஏறாது" என்று சிஸ்டம் பார்க்கும் ஆண்டோ சொன்னதும், சும்மா இருக்கும் மாதத்திலேயே மாற்றிவிடலாம் என்று அரங்கநாதன் புதுசு வாங்கிவிட்டார். கூடவே தங்கை மகள் வெண்ணிலாவையும் அழைத்து வந்து உட்கார வைத்தார்.

"தப்பா நெனைக்காத பிரியா. ஆவணி பொறந்தா கூட்டம் தாங்காது. அதுக்குள்ள உனக்குப் பழகிடுச்சின்னா நல்லது. இல்லன்னா வெண்ணிலா அடிக்கட்டும், நீ போன் எடு."

போன் எடுப்பது கேவலமான வேலையில்லை. ஆனால் அவள் கற்ற வேலை அதுவல்ல. "ஆவணிக்கு நான்தான் சார் அடிப்பேன்" என்றாள்.

புது மிஷினை முடுக்கினாள். ராகம் பாடியது! பதினொன்றில் சத்தம் திரும்பி வந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ராகம் சோறு போடாதே. தமிழ் வாசிக்கும் குரலை ஏற்ற வேண்டும், பத்திர மாதிரிகளை மாற்ற வேண்டும். ஆண்டோ நல்லவன்தான், கைதான் சும்மா இருக்காது. மவுசைப் பிடித்து டக் டக்கென்று தட்டுவான்.

"இங்க கிளிக் பண்ணா ஆச்சு."

"இங்கன்னா எங்க அண்ணா?"

"இதோ, இங்கதாம்மா."

பிரியா கையால் துழாவி மவுசைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். "இனிமே வாயால சொல்லுண்ணா. எந்தப் பட்டன்னு சொல்லு, நானே பண்ணிக்கிறேன்."

மவுஸ் இல்லாத ஆண்டோ, கால் கட்டிய ஆடு போலத் தவித்தான். அவனுக்கே பாதிப் பட்டன்கள் தெரியவில்லை. இருவரும் தேடினார்கள். மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் மிஷினுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஆங்கிலக் குரல் பேசும் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குரலைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவளே தன் தமிழ்க் குரலை ஏற்றினாள். கோப்பின் பெயர் மாற்றும் வசதி பழைய பட்டியலில் இல்லாமல் எங்கோ ஒளிந்துகொண்டது. ஒரு மத்தியானம் முழுக்க அதைத் துரத்தி, ஷிப்டோடு எஃப் பத்தை அழுத்தினால் பழைய பட்டியலே வருகிறது என்று பிடித்தாள். தினமும் அரங்கநாதன் ஒரு பத்திரம் சொல்லிப் பார்ப்பார். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாள். கடையில் நிற்க இடமில்லை. வளவனூரிலிருந்து பெரியதம்பி என்பவர் நிலத்துக்குச் சுத்தக்கிரயப் பத்திரம் எழுத வந்திருந்தார். அவசரத்தில் அரங்கநாதன் வெண்ணிலா பக்கம் திரும்பினார். பிரியா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்."

அவர் நிறுத்தி நிறுத்தித்தான் தொடங்கினார். அவர் வாய் மூடுமுன் இவள் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். இரண்டாவது பத்தியில் அவர் நிறுத்துவதையே மறந்துபோனார். பழையபடி மூச்சு விடாமல் ஓடினார். அவள் விரல்கள் பின்னாலேயே ஓடின. வெண்ணிலா தானாகவே எழுந்துபோய், அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

பெரியதம்பி பிரியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, கண்ணு தெரியாத பொண்ணா எங்க பத்திரத்த அடிக்குது?"

அரங்கநாதனுக்குச் சுர்ரென்று வந்தது. "யோவ், சர்வே நம்பரச் சொல்லுய்யா ஜல்தி. எவ்ளோ நேரமா பொண்ணு உனக்காவ வெயிட் பண்ணிக்கினு இருக்குது!"